மூடி மூட்டைக்கு முன்னால் முப்பது ஆண்டுகள்

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். "கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனாட்சுயி ஐம்பது வயது தாண்டும்வரை ஒரு கல்லூரி வாத்தியார். 1998-இல் புதரோரம் கிடந்த ஒரு மூட்டை சாராய பாட்டில் மூடி அவர் கண்ணில் பட்டது. அதைக் கோத்துத் தொங்கவிட்டார், உலகப் புகழ் வந்துவிட்டது. இது அதிர்ஷ்டம்தானே? அதுவும் கோப்பவர்கள் உதவியாளர்கள் என்கிறார்கள். அப்படியானால் அவர் செய்வது என்ன?"

மூட்டை கிடைத்தது உண்மை. உதவியாளர்கள் கோப்பதும் உண்மை. அதிர்ஷ்டம் என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. அந்தப் புதரைக் கடந்து எத்தனையோ பேர் போயிருப்பார்கள். ஒருவர் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார் என்றால், அந்தக் கை அதற்கு முன் முப்பது ஆண்டுகள் எதையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். நான் ஒரு கல்லூரியில் சிற்பம் சொல்லிக்கொடுத்தவன். மாணவர்களுக்கு அனாட்சுயியைப் பற்றிச் சொல்லும்போது மூடியிலிருந்து ஆரம்பிப்பதே இல்லை. இங்கும் அப்படியே செய்கிறேன்.

1944-இல், கோல்டு கோஸ்ட் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்திருந்த நாட்டில், கேட்டா காயலை ஒட்டிய அன்யாகோ என்ற ஊரில் பிறந்தார். ஏவே இனத்தவர். தந்தைக்கு 32 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. தந்தை மீன் பிடிப்பார், கென்டே துணி நெய்வார். அண்ணன்மாரும் தறியில் உட்கார்ந்தவர்கள். இவர் மட்டும் உட்காரவில்லை. சிறு வயதிலேயே தாயை இழந்ததால், பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகராக இருந்த உறவினர் வீட்டில், மிஷன் வளாகத்தில் வளர்ந்தார்.

கென்டே பற்றி ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நம் காஞ்சிபுரத் தறியைப்போல அகலமான துணி அதில் வராது. நாலு விரல் கிடையளவு பட்டைகளாகத்தான் நெய்வார்கள். பிறகு அந்தப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் போர்த்திக்கொள்ளும் துணி ஆகும். எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எது என்பதில்தான் துணியின் அழகே இருக்கிறது.

குமாசியில் இருந்த பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்து 1969-இல் வெளியே வந்தார். நாடு 1957-இலேயே விடுதலை அடைந்துவிட்டது, பாடத்திட்டம் அடையவில்லை. இங்கிலாந்துக் கல்லூரிகளின் பாடம்தான் அங்கும். பாடம் முடிந்த நேரங்களில் அவர் ஊரிலிருந்த பண்பாட்டு மையத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே நெசவாளர்கள், பறை கொட்டுகிறவர்கள், துணியில் அடிங்க்ரா சின்னங்களை அச்சு குத்துகிறவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பொருள், ஒரு பழமொழி. ஒரு சிற்ப மாணவனுக்கு அது மறைவாகக் கிடைத்த இரண்டாவது கல்லூரி.

சென்னை ஓவியக் கல்லூரியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிய கதையாக இருக்காது. அதே 1960-களில் கே.சி.எஸ். பணிக்கர் இங்கே 'சொற்களும் சின்னங்களும்' வரிசையை வரைந்துகொண்டிருந்தார். ஐரோப்பியப் பாடத்தை முழுதாகக் கற்றுவிட்டு, பிறகு ஜாதகக் கட்டத்தையும் கையெழுத்தையும் தேடிப் போன மனநிலை அது. கானாவில் அதற்கு 'சங்கோஃபா' என்று பெயர் இருக்கிறது. திரும்பிப் போய் எடுத்துவா என்று பொருள்.

முதல் வேலை வின்னேபாவில், கடலோர ஊரில், ஒரு பயிற்சிக் கல்லூரியில். அங்குள்ள சந்தையில் பெண்கள் மீனையும் காய்களையும் வட்டமான மரத்தட்டில் அடுக்கி விற்பார்கள். அனாட்சுயி அந்தத் தட்டுகளை விலைக்கு வாங்கினார். இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, தட்டின்மேல் அடிங்க்ரா சின்னங்களைச் சுட்டார். சுவரில் மாட்டினார். அவ்வளவுதான். ஆனால் இருபத்தைந்து வயது சிற்பி ஒருவர், வெண்கலமும் பளிங்கும் கேட்காமல், சந்தையில் பல கைகள் பட்டுத் தேய்ந்த ஒரு பொருளைக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளாக அவர் கேட்டது அதையேதான்.

1975-இல் நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராகப் போனார். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் முடிந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. போரில் முதலில் அடிவாங்கிய ஊர்களில் அது ஒன்று. கலைத்துறையை ஊச்சே ஒகெக்கே நடத்திக்கொண்டிருந்தார். இக்போ பெண்கள் உடலிலும் சுவரிலும் வரையும் 'ஊலி' என்ற கோட்டோவியத்தை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். வெற்றிடத்தை விட்டுவிட்டு ஒரு கோடு போடும் கலை. கோலம் போட்ட கைகளுக்கு ஊலியை விளக்கவே தேவையில்லை. அதே பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர் சினுவா அச்செபேயும் இருந்தார். அனாட்சுயி அங்கேயே 2011 வரை தங்கிவிட்டார். லாகோஸுக்கோ லண்டனுக்கோ பெயர்ந்து போகவில்லை. புகழ் வந்த பிறகும் என்சுக்காவிலிருந்துதான் பெட்டிகள் உலகத்துக்குக் கிளம்பின.

என்சுக்காவில் முதலில் செய்தது உடைந்த பானைகள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். பானை உடைந்தால் கதை முடிந்தது என்று நகரத்தில் நினைப்போம். கிராமத்தில் உடைந்த பிறகுதான் அதற்குப் பல வேலை. ஒரு ஓட்டில் தணல் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார்கள், இன்னொன்றில் கோழிக்குத் தண்ணீர் வைப்பார்கள், வேறொன்று படையல் வைக்கும் ஏனமாகிவிடும். ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான் என்பதை அனாட்சுயி பார்த்தார். அவர் செய்த பானைகள் வாய் பிளந்து, ஓட்டை விழுந்து, வேறு ஓடுகளை ஏந்திக்கொண்டு நிற்கும். 1979-இல் அவற்றை அங்கேயே காட்சிக்கு வைத்தார். போர் முடிந்த ஊரில், உடைந்ததைப் பற்றி ஒரு வெளியூர்க்காரர் பேசினால் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தன் சொந்த நாடான கானாவும் அப்போது பொருளாதாரத்தில் நொறுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது மரம். 1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கம்மிங்டன் என்ற இடத்தில் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் ஓர் அமைப்பு இவரை அழைத்தது. அங்கேதான் மரம் வெட்டும் மோட்டார் ரம்பத்தைக் கையில் எடுத்தார். உளியில் வராத வேகம், உளியில் வராத கொடூரம். ரம்பம் போன தடத்தில் மரம் கிழிந்து, கருகி, பிசிறு நிற்கும். ஆப்பிரிக்காவின் வரைபடத்தை ஐரோப்பியர்கள் 1884-85-இல் பெர்லினில் உட்கார்ந்து அறுத்த அறுப்பு அந்தத் தடத்தில் இருக்கிறது என்று அவரே பிற்பாடு விளக்கியிருக்கிறார்.

மரப் பலகைகளை எப்படி அமைத்தார் தெரியுமா? ஒரே பெரிய பலகை கிடையாது. ஒடுக்கமான சட்டங்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, மேலே ஒரே ஓட்டமாகக் கீறுவார், சுடுவார், வண்ணம் பூசுவார். கென்டேயின் பட்டைகள் நினைவுக்கு வருகின்றனவா? தறியில் உட்காராத பிள்ளை, மரத்தில் பட்டை நெய்துகொண்டிருந்தார். அதைவிட முக்கியம், அந்தச் சட்டங்களின் வரிசையை வாங்கியவரோ மாட்டுகிறவரோ மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சிற்பம் என்றால் முடிந்த முடிவு என்ற எண்ணத்தை அவர் கைவிட்டது மூடிகளில் இல்லை. மூடிகளுக்கு வெகு முன்பே, மரத்தில்.

மரத்தில் அவர் செய்தவற்றில் இரண்டைச் சொல்லாமல் போக முடியாது. 1992-இல் ரியோவில் புவி உச்சி மாநாடு நடந்த சமயம், பிரேசிலின் மனாஸ் நகரில் நடந்த பட்டறையில் 'அரிப்பு' என்ற தூணைச் செய்தார். ஒரு பெரிய மரத்தை எடுத்து, உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாகச் சின்னங்களைச் செதுக்கினார். அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிய பிறகு, மோட்டார் ரம்பத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை சுழற்றி அறுத்தார். சிதறிய துண்டுகளையும் தூளையும் அடியிலேயே விட்டுவிட்டார். இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தால்கூட வயிறு கலங்கும்.

இன்னொன்று 1996-இல் டென்மார்க்கில். அங்கே கடற்கரையில் அலை ஒதுக்கிய மரத்துண்டுகளைப் பொறுக்கினார். கானாவின் கரையில் டென்மார்க்குக்குக் கோட்டைகள் இருந்தன, அங்கிருந்து அடிமைகளைக் கப்பல் ஏற்றினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கரை ஒதுங்கிய கட்டைகளுக்குத் தலை வைத்து, தலையைக் கருக்கி, கும்பலாக நிற்கவைத்தார். 'அக்குவாவின் பிழைத்த பிள்ளைகள்' என்று பெயர்.

இதற்கிடையில் 1990-லேயே, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இத்தாலியில் நடக்கும் உலகக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயில் ஐந்து ஆப்பிரிக்கக் கலைஞர்களில் ஒருவராகக் கலந்துகொண்டு சிறப்புப் பாராட்டும் பெற்றிருந்தார். ஆகவே, யாருக்கும் தெரியாத வாத்தியார் என்பதும் சரியில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மூட்டைக்கு வருவோம். 1998-இல் என்சுக்காவின் சுற்றுப்புறத்தில் நடந்துகொண்டிருந்தபோது அது கிடைத்தது. எடுத்துவந்தவர் உடனே எதுவும் செய்துவிடவில்லை. மாதக்கணக்கில் அது பட்டறையில் சும்மா கிடந்தது. அப்போது அவர் துருப்பிடித்த மரவள்ளிக்கிழங்குத் துருவிகளையும் பால் டப்பா மூடிகளையும் இணைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தகடுகளைச் செம்புக் கம்பியால் ஒன்றோடு ஒன்று கட்டும் வித்தை கைக்கு வந்திருந்தது. அதே கம்பி ஒரு நாள் பாட்டில் மூடியில் நுழைந்தது.

மூடி என்றதும் நாம் சோடா பாட்டிலின் பல் வைத்த இரும்பு மூடியை நினைத்துக்கொள்கிறோம். அது வேறு. இவர் பெரும்பாலும் எடுத்தது அலுமினியத் திருகு மூடி, நம் ஊர் மதுக்கடை வாசலில் மிதிபடுகிறதே, அதே வகை. அதைத் திருகித் திறந்தால் இரண்டாகப் பிரியும். மேலே வட்டத் தலை, கழுத்தில் ஒரு வளையம். பக்கவாட்டுத் தகட்டை வெட்டி விரித்தால் ஒரு பட்டை. அதை மடிக்கலாம், முறுக்கலாம், நசுக்கலாம். தலையைத் தனியே எடுத்தால் வட்டப் பொட்டு. வளையங்களை மட்டும் கோத்தால் வலை மாதிரி வெளிச்சம் ஊடுருவும். பொன், சிவப்பு, கறுப்பு, வெள்ளி எல்லாம் மது ஆலை பூசிய நிறங்கள். அவர் தூரிகையே எடுக்கவில்லை.

ஒரு முறை மாணவர்களோடு இதைச் செய்து பார்த்தேன். பழைய பொருள் வியாபாரியிடம் அரை மூட்டை மூடி வாங்கினோம். கழுவினாலும் வாடை போகவில்லை, பக்கத்து வகுப்பு ஆசிரியர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றையும் தட்டையாக்கி, நான்கு மூலையில் குத்தூசியால் துளை போட்டு, மெல்லிய செம்புக் கம்பியை நுழைத்து முறுக்க வேண்டும். பத்துப் பேர், ஒரு முழுப் பிற்பகல். விரல் நுனிகள் எரிந்தன. கிடைத்தது ஒரு தலையணை உறை அளவு. அதில் ஒரு வேடிக்கை. யார் கட்டிய பகுதி எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்ல முடிந்தது. இறுக்கமாகக் கட்டும் பெண் ஒருத்தி செய்த பகுதி தகடு மாதிரி நின்றது. சோம்பேறிப் பையன் ஒருவன் தளர்வாகக் கட்டியது அருவி மாதிரி வழிந்தது. அழகு என்னவோ சோம்பேறியுடையதுதான்.

உதவியாளர்கள் பற்றிய கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. என்சுக்கா பட்டறையில் உள்ளூர் இளைஞர்கள் கூலிக்கு உட்கார்ந்து சிறு சிறு துண்டங்களாகக் கட்டித் தருவார்கள். அனாட்சுயி அந்தத் துண்டங்களைத் தரையில் பரப்புவார். மேலிருந்து பார்ப்பார், படம் எடுப்பார், இதை அங்கே, அதை இங்கே என்று மாற்றச் சொல்வார், மறுபடியும் படம் எடுப்பார். எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எது என்ற பழைய கேள்வி. ஒரு கோபுரத்தைக் கட்டிய ஸ்தபதியை, அத்தனை கல்லையும் நீயா கொத்தினாய் என்று நாம் கேட்பதில்லை. ஆனாலும் இதில் எனக்கு ஒரு முள் உறுத்துகிறது. கோபுரத்தில் ஸ்தபதியின் பெயரும் இருக்காது, கொத்தனாரின் பெயரும் இருக்காது. அருங்காட்சியகச் சீட்டில் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது, ஏலத்தில் அந்த ஒரு பெயருக்குத்தான் விலை.

அவர் இதை மறைத்தவர் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2007 வெனிஸ் பியனாலேயை அமைத்த ராபர்ட் ஸ்டோர் இவருக்கு அதன் கண்காட்சிக் கூடமான ஆர்செனாலேயில் இடம் கொடுத்தார். அங்கே தொங்கிய இரண்டு பெரும் படைப்புகளின் பெயர் 'டுசாசா'. ஊரார் பலர் கூடி ஒட்டுப்போட்டுச் செய்த துணி என்பது போன்ற ஏவே மொழிப் பொருள். அதே சமயம் ஃபோர்ட்டுனி மாளிகையின் முகப்பையே இன்னொரு படைப்பால் போர்த்தினார். செங்கல் சுவர் அங்கங்கே கிழிசல் வழியே தெரியும்படி விட்டார். பழைய வெனிஸ் கட்டடத்துக்கு ஏழை வீட்டு ஒட்டுப்போட்ட போர்வை. அவருக்கு அப்போது 63 வயது. அன்றிலிருந்து கதவுகள் தாமாகத் திறந்தன. 2015-இல் அதே வெனிஸில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம், 2017-இல் ஜப்பானின் பிரேமியம் இம்பீரியாலே விருது. விருதுப் பட்டியல் நீளம், அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது அந்தத் துணியின் குணத்தை. அவர் படைப்புகள் மடித்துப் பெட்டியில் போகும். மறு முனையில் பிரிப்பவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி மடிப்பு வைத்துத் தொங்கவிடலாம். எப்படி மாட்டவேண்டும் என்ற கட்டளை அவரிடமிருந்து வராது. புடவைக்கு அளவு உண்டு, வடிவம் கிடையாது. கொசுவம் வைப்பவர் கையில்தான் வடிவம் இருக்கிறது. கொசுவத்தையும் உடுத்துபவரிடம் விட்டுவிட்ட சிற்பி இவர். இது அருங்காட்சியகக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. பாதுகாப்பது என்பதே மாறாமல் வைத்திருப்பது என்று பழகியவர்கள் அவர்கள்.

இன்னொரு தலைவலி, இதை எந்த அறையில் மாட்டுவது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பு ஆப்பிரிக்கக் கலைப் பிரிவுக்குப் போனது, 'டுசாசா 2' நவீனக் கலைப் பிரிவுக்குப் போனது. செய்தவர் ஒருவர், பொருள் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. முதுமக்கள்தாழியும் முகமூடியும் இருக்கும் அறையில் பார்த்தால் மரபு, வெள்ளைச் சுவர் அறையில் பார்த்தால் நவீனம். அனாட்சுயியின் தலைமுறை ஆப்பிரிக்கக் கலைஞர்கள் எல்லோரும் இந்த வாசலில் நிறுத்திவைக்கப்பட்டவர்கள்தான். அந்த வாசலைப் பெயர்த்தவர்களில் முதன்மையானவர், கண்காட்சிகளை அமைப்பவரான நைஜீரியர் ஒக்வி என்வேசார். அவரும், என்சுக்காவில் படித்த சிகா ஒகெக்கே-அகுலுவும் சேர்ந்து 2019-இல் மியூனிக்கில் அனாட்சுயியின் பெரிய கண்காட்சி ஒன்றை அமைத்தார்கள். அது திறந்த சில நாட்களில் என்வேசார் இறந்துபோனார்.

பத்திரிகைகள் இவரை 'குப்பையிலிருந்து கலை' என்ற தலைப்பில் அடைத்துவிடுவதில் எனக்கு எரிச்சல் உண்டு, அவருக்கும் உண்டு. மூடியை அவர் எடுத்தது சுற்றுச்சூழல் பாடம் நடத்துவதற்கு இல்லை. ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் பண்டமாற்றுக்குக் கொண்டுவந்த பொருள்களில் மது ஒன்று. அதற்குப் பதிலாக ஏற்றிச் சென்றவற்றில் மனிதர்களும் உண்டு. அந்த மனிதர்கள் கரீபியனில் கரும்பு வெட்டினார்கள், கரும்பிலிருந்து ரம் வந்தது, ரம் மறுபடியும் கப்பல் ஏறியது. ஒரு திருகு மூடிக்குள் இத்தனை கடல் இருக்கிறது. அதோடு, அந்த மூடியை யாரோ ஒருவர் திறந்து குடித்திருக்கிறார், துக்கத்திலோ கல்யாணத்திலோ. மனிதக் கை பட்ட பொருளில் அந்தக் கை மிச்சம் இருக்கிறது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விஷயம். வின்னேபா சந்தைத் தட்டும் இதற்காகத்தான்.

2024 ஜனவரியில் மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது, டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் அவருடைய 'செந்நிலவின் பின்னால்' தொங்கிக்கொண்டிருந்தது. மின்நிலையமாக இருந்த கட்டடம், டர்பைன் ஓடிய கூடம், கோயில் பிரகாரத்தையும் சிறிதாக்கிவிடும் உயரம். நுழைந்ததும் காற்றில் உப்பிய கப்பல் பாய் மாதிரி ஒன்று, அதில் சிவப்பு நிலா. நடுவில் துண்டு துண்டாக மனித உருவங்கள்போல மிதப்பவை, ஓரிடத்தில் நின்று பார்த்தால் மட்டும் அவை சேர்ந்து உருண்டையான உலகமாகும். அந்த இடத்தைத் தேடி நானும் ஒரு பள்ளிக்கூடப் பையனும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தோம். கடைசியில் தரைவரை விழும் கறுப்புச் சுவர். கால்மாட்டில் அலை மடிவதுபோல் குவிந்து கிடந்தது. டேட் என்ற பெயரே சர்க்கரை வியாபாரி ஒருவருடையது என்பதை நினைத்துக்கொண்டே நின்றேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பாய் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது. அழகு மிஞ்சிவிட்டால் துயரம் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பணக்கார வரவேற்பறைகளில் இவருடைய தங்க நிறத் திரைகளைப் படங்களில் பார்க்கும்போதும் இதே எண்ணம் வரும். 'அரிப்பு' தூணை எவரும் வரவேற்பறையில் வைக்க மாட்டார்கள். ஆனால் கறுப்புச் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனேன், அங்கே சரணடைந்துவிட்டேன். முன்னால் தார் பூசியதுபோல் இருந்ததன் முதுகு முழுக்க வெள்ளி, அதில் பல நிறத் துணுக்குகள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மூலையிலும் கம்பி முறுக்கிய நுனி. சில இறுக்கமாக, சில தளர்வாக. எத்தனை விரல்கள் எரிந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

உங்களுக்கு என் யோசனை, இணையத்தில் அவர் படங்களைத் தேடும்போது பளபளக்கும் திரைகளை முதலில் பார்க்காதீர்கள். மரத்தட்டு, உடைந்த பானை, அறுபட்ட பலகை, இந்த வரிசையில் பாருங்கள். நான்காவதாக மூடிக்கு வரும்போது, மூட்டை யாரைத் தேடி வந்தது என்பது தெரிந்துவிடும்.

எங்கள் தலையணை உறை இப்போதும் அந்தக் கல்லூரிச் சிற்பக் கூடத்தின் ஜன்னலில் தொங்குகிறது. வெள்ளையடிக்கும்போதெல்லாம் கழற்றி மாட்டுகிறார்கள். போன முறை போனபோது தலைகீழாகத் தொங்கியது. சோம்பேறிப் பையனின் பகுதி மேலே போய், இறுக்கமான பெண்ணின் பகுதி கீழே வந்திருந்தது. முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது.